கார்ட்ரிட்ஜுக்கும் டோன் ஆர்முக்கும் பொருத்தம் பார்ப்பது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

டர்ன்டேபிள் சரியாகப் பாடவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் செய்வது, ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜில் இன்னும் விலை கூடிய ஒன்றை வாங்கி மாட்டுவது. பல நேரம் அதனால் நிலைமை மோசமாகத்தான் ஆகிறது. கார்ட்ரிட்ஜ் நல்லதாக இருக்கும், அதைத் தாங்கும் கையும், அதாவது டோன் ஆர்மும், நல்லதாக இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறை தெரியாது என்பதால்தான் இந்தக் கோளாறு ஆளை அலைக்கழிக்கிறது. விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன் தராசை எடுங்கள் என்பதே நான் எல்லாரிடமும் சொல்வது.

மூன்று எண்கள் தேவை. கார்ட்ரிட்ஜின் எடை ஒன்று. அதன் ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதைச் சொல்லும் நெகிழ்வு எண் இரண்டாவது. கம்ப்ளையன்ஸ் என்று தயாரிப்பாளர் தாளில் போட்டிருக்கும். மூன்றாவது, ஊசிமுனையில் உணரப்படும் கையின் செயல் எடை. இது கையைக் கழற்றித் தராசில் வைத்தால் கிடைக்கும் எடை அல்ல. பின்னால் இருக்கும் எதிர்எடை கனமானது, ஆனால் சுழலும் அச்சுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதன் பங்கு சிறியது. முன்முனையில் கார்ட்ரிட்ஜைத் திருகி மாட்டும் ஹெட்ஷெல்லோ ஏறக்குறைய முழு எடையோடு கணக்கில் சேரும். அதனால் ஹெட்ஷெல்லில் ஏற்றும் இறக்கும் ஒவ்வொரு கிராமும் பேசும்.

நிறுத்துப் பார்க்கச் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கமெல்லாம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் தராசு அங்கே அன்றாடக் கருவி. ஹெட்ஷெல், கார்ட்ரிட்ஜ், திருகாணிகள் எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒரு பட்டறையில் இரண்டு எஃகுத் திருகாணிகளையும் அவற்றின் நட்டுகளையும் தட்டில் வைத்தபோது, "இதற்கெல்லாமா எடை பார்ப்பீர்கள் அண்ணா?" என்று அங்கிருந்த தம்பி கேட்டார். ஒன்றரை கிராமுக்கு மேல் காட்டியது. அதே அளவு அலுமினியத் திருகாணிகள் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு கிராம் வித்தியாசம் எங்கே பயன்படும் என்று கீழே பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: மூவிங் காயில் (சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜில் வலுவான காந்தம் இருக்கும். எஃகுத் தட்டு உள்ள தராசில் அதை நேராக வைத்தால் எடை தப்பாகக் காட்டலாம். நடுவில் உயரமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் வையுங்கள்.

பாட்டு இல்லாத இடத்திலும் வூஃபர் பெரிதாக அசைகிறது

ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றிவிட்டு, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலி எழுப்பும் பெரிய கூம்பை, பாருங்கள். ஒலியே இல்லாத அந்த இடத்தில் கூம்பு உள்ளும் வெளியுமாக மெதுவாகப் போய் வந்தால் கோளாறு இருக்கிறது. காதுக்கு அது நேராகக் கேட்காது. ஆனால் ஆம்ப்ளிஃபையரின் சக்தியை அது தின்றுகொண்டிருக்கும். வயலினின் நீண்ட வில்வீச்சு லேசாக அலையும். நிலையாக நிற்க வேண்டிய குரல் நடுங்கும்.

முதலில் தரையா, கையா என்று பிரித்தறிய வேண்டும். தட்டைச் சுழற்றாமல், நிற்கும் இசைத்தட்டின் மேல் ஊசியை வைத்து, ஒலியை மெல்லக் கூட்டுங்கள். ஊளைச் சத்தம் கிளம்பினால் உடனே குறைத்துவிடுங்கள். தட்டு நிற்கும்போதே கூம்பு அசைந்தால் அதிர்வு வெளியிலிருந்து வருகிறது. அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி பக்கம் விசைத்தறிக்கு அடுத்த வீட்டில் இருப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கும். அது நொடிக்கு இரண்டு மூன்று அதிர்வு. தரை வழியாக அலமாரிக்கு ஏறி அங்கிருந்து ஊசிக்கு வந்துவிடும். எந்தக் கார்ட்ரிட்ஜை மாட்டினாலும் இது தீராது. தறி இருக்கும் பக்கத்துச் சுவரை விட்டு எதிர்ச்சுவரில் பலகை அடித்து, அதன் மேல் ரப்பர் கட்டைகளும் கடப்பாக்கல்லும் வைத்து டர்ன்டேபிளை ஏற்றுங்கள்.

நிற்கும்போது அமைதியாக இருந்து, சுழலும்போது மட்டும் அசைந்தால் விஷயம் பொருத்தத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் குழந்தைக்குக் கட்டும் ஸ்பிரிங் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை கனமாக இருந்தால் தூளி நிதானமாக ஏறி இறங்கும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் படபடவென்று ஆடும். கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த எடைதான் இங்கே குழந்தை. ஊசித்தண்டின் ரப்பர்தான் ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்து தமக்கென்று ஓர் அதிர்வெண்ணை வைத்திருக்கும். அந்த அதிர்வெண்ணில் யாராவது தட்டிக்கொண்டே இருந்தால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். இதுவே ஒத்ததிர்வு.

தட்டிக்கொண்டே இருப்பது வளைந்த இசைத்தட்டு. எல்பி என்னும் பெரிய இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு மேடு என்றால் நொடிக்கு அரை அதிர்வு. ஆனால் வளைவு ஒரே மேடாக இருப்பதில்லை. சிறு சிறு நெளிவுகள் சேர்ந்து 5, 6 ஹெர்ட்ஸ் வரை தொல்லை கொடுக்கும். இசை 20 ஹெர்ட்ஸுக்கு மேல் தொடங்குகிறது. ஆகவே ஒத்ததிர்வை இந்த இரண்டுக்கும் நடுவில், 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் நிறுத்துவதுதான் குறி.

கணக்கு எளிது. கையின் செயல் எடை, கார்ட்ரிட்ஜ், திருகாணி மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதை நெகிழ்வு எண்ணால் பெருக்குங்கள். வரும் தொகையின் வர்க்கமூலத்தைக் கண்டு, 159ஐ அதனால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் 7.2 கிராம், நெகிழ்வு 20. கனமான வார்ப்பு ஹெட்ஷெல் உள்ள பழைய எஸ் வடிவக் கை ஒன்றின் செயல் எடை 18 கிராம் என்று வைத்துக்கொள்வோம். திருகாணியோடு மொத்தம் சுமார் 26 கிராம். 26ஐ 20ஆல் பெருக்கினால் 520. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 22.8, 159ஐ வகுத்தால் 7 ஹெர்ட்ஸ். நெளிவுகள் வாழும் இடத்துக்கு மிக அருகில் போய்விட்டது. வூஃபர் ஆடுவதில் வியப்பே இல்லை. அதே கார்ட்ரிட்ஜை டெக்னிக்ஸ் எஸ்எல்-1200இன் 12 கிராம் கையில் மாட்டினால் 8 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். தட்டையான இசைத்தட்டில் தொல்லை இல்லை. திருகாணியில் மிச்சப்படுத்திய அந்த ஒரு கிராம் எல்லைக்கோட்டில் நிற்கும் இப்படிப்பட்ட ஜோடிக்குத்தான் உதவும்.

நெகிழ்வு எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. கணக்குக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸில் அளந்த எண். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பலர் 100 ஹெர்ட்ஸில் அளந்ததைத் தருகிறார்கள். அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக்கொள்ள வேண்டும். அதிர்வில்லாமல் அளந்த நிலை நெகிழ்வு என்று பெரிய எண் ஒன்றையும் போட்டிருப்பார்கள்; அதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். ஆடியோ டெக்னிகா விஎம்95இ தாளில் நிலை நெகிழ்வு 17 என்றும் 100 ஹெர்ட்ஸில் 7 என்றும் இரண்டு எண்கள் இருக்கும். 17ஐ அப்படியே கணக்கில் போட்டால் விடை தப்பாகிவிடும். உண்மையில் அது நடுத்தர நெகிழ்வு கொண்டது, 6.1 கிராம்தான் எடை, 12 கிராம் கையில் 10 ஹெர்ட்ஸை ஒட்டிப் போய் உட்காரும். கையின் விவரம் தெரியாதவர்களுக்கு நான் முதலில் இந்த வகைக் கார்ட்ரிட்ஜையே சொல்வதற்கு இதுதான் காரணம். எந்தப் பக்கம் தவறினாலும் பெரிதாகத் தவறாது.

தீர்வை இந்த வரிசையில் பாருங்கள். இலேசான ஹெட்ஷெல், 12 கிராமிலிருந்து 8 கிராமுக்கு இறங்கினாலே 7 ஹெர்ட்ஸ் ஜோடி 7.6க்கு நகரும். அடுத்து அலுமினியத் திருகாணி. பழைய ஆம்ப்ளிஃபையரில் மிகத் தாழ்ந்த அதிர்வை வெட்டும் சப்சோனிக் அல்லது லோ ஃபில்டர் பொத்தான் இருந்தால் கூச்சப்படாமல் போடுங்கள். இசையில் எதுவும் குறையாது, வூஃபர் பிழைக்கும். இவ்வளவுக்குப் பிறகும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் நெகிழ்வு குறைந்த கார்ட்ரிட்ஜுக்குப் போங்கள். இசைத்தட்டுகளைத் தகரக் கூரை அறையில் சாய்த்து வைத்திருந்தால் சேலத்து வெயிலே மாதம் ஒரு புது நெளிவைச் சேர்க்கும். அவற்றை நேராக நிமிர்த்தி, சுவர் ஓரத்திலிருந்து தள்ளி அடுக்குவதும் இந்த வைத்தியத்தில் சேரும்.

பேஸ் தடித்துக் கிடக்கிறது, தொட்டால் டோன் ஆர்ம் அதிர்கிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். விறைப்பான கார்ட்ரிட்ஜ், இலேசான கை. இதற்குப் பெயர்போன உதாரணம் டெனான் டிஎல்-103. 1960களில் ஜப்பான் ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் தேவைக்காக உருவானது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. 8.5 கிராம், ஊசி அழுத்தம் 2.5 கிராம், நெகிழ்வு 100 ஹெர்ட்ஸில் 5. ஒலிபரப்பு நிலையத்தின் கனத்த கைகளுக்குப் பிறந்த பொருள்.

இதை 6.5 கிராம் செயல் எடை உள்ள மெல்லிய கையில் மாட்டினால் ஒத்ததிர்வு 13 ஹெர்ட்ஸை ஒட்டி, சில கணக்குப்படி அதற்கும் மேலே போய்விடும். எண்ணைவிட முக்கியமானது வேறு. விறைத்த ஊசித்தண்டு தன் அதிர்வை ரப்பரில் கரைக்காமல் கைக்குள் தள்ளுகிறது. பாட்டு ஓடும்போது ஹெட்ஷெல்லின் விரல்பிடியை மிக மெல்லத் தொட்டுப் பாருங்கள்: மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் விரலில் தெரியும். அதன் இடப்பக்கமான தொப்பியின் அடி உருண்டு திரண்டு கேட்பதற்குப் பதில் ஊதிப்போய்க் கேட்பது இதனால்தான்.

இங்கே கனம் சேர்ப்பதே மருந்து. கனமான ஹெட்ஷெல், அல்லது கார்ட்ரிட்ஜுக்கும் ஹெட்ஷெல்லுக்கும் நடுவில் 3, 4 கிராம் பித்தளைத் தகடு. 20 கிராம் கையில் இதே டிஎல்-103 ஒன்பது ஹெர்ட்ஸுக்கு இறங்கி, குரலை அவ்வளவு அருகில் கொண்டுவந்து நிறுத்தும். அந்தக் குரலுக்காகவே இதை விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் கனமான கை இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் இந்த இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சில டர்ன்டேபிள்களில் இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் தட்டு இரும்பு. தோரென்ஸ் டிடி-124இன் முதல் வகை அப்படிப்பட்டது. மலிவான எஃகுத் தகட்டுத் தட்டுகளும் உண்டு. மூவிங் காயில் காந்தத்தை அது கீழே இழுக்கும், நீங்கள் வைத்த அழுத்தம் கூடிவிடும். ஊசி அழுத்தத்தை இசைத்தட்டின் உயரத்திலேயே, காந்தம் ஒட்டாத அளவுகோலால் அளக்க வேண்டும்.

சேலத்தில் பாடியது ஏற்காட்டில் குதிக்கிறது

"அண்ணா, உங்கள் வீட்டில் அருமையாகப் பாடியதுங்க. இங்கே காலையில் வைத்தால் உரத்த இடமெல்லாம் கரகரவென்று கிழிகிறது, மத்தியானம் தானாகச் சரியாகிவிடுகிறது" என்று ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீட்டில் இருக்கும் தம்பி ஒருவர் மார்கழியில் தொலைபேசியில் சொன்னார். "மத்தியானம் சரியாகிறதல்லவா தம்பி, அதிலேயே விடை இருக்கிறது. அறையைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிவிட்டு நாளைக் காலை போட்டுப் பார்" என்றேன். மறுநாள் கரகரப்பு இல்லை.

ஊசித்தண்டைப் பிடித்திருப்பது ரப்பர். குளிரில் விறைக்கும், வெயிலில் தளரும். பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்கள் 20 முதல் 25 டிகிரியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சித்திரையில் சேலம் 40 டிகிரியைத் தொடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மார்கழி விடியல் 15க்கும் கீழே போகும். ஒரே கார்ட்ரிட்ஜ் இரண்டு ஊரிலும் ஒரே கார்ட்ரிட்ஜாக நடந்துகொள்ளாது. குளிரில் நெகிழ்வு குறைந்து ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு எகிறுகிறது. கோடையில் நெகிழ்வு கூடி ஒத்ததிர்வு கீழே இறங்குகிறது. சேலத்தில் ஏழரை ஹெர்ட்ஸில் தடுமாறும் ஜோடி ஏற்காட்டில் ஒழுங்காக இருப்பதும், அதற்கு நேர்மாறாக நடப்பதும் இதனால்தான்.

மலையில் இருப்பவர்கள் ஊசி அழுத்தத்தைத் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் மேல்பக்கமாக வையுங்கள். 1.6 முதல் 2.0 என்றால் 1.9 அல்லது 2.0. சமவெளியில் நடு எண் போதும். ஊசியை விளக்கு வெப்பத்தில் காட்டிச் சூடாக்கும் பழக்கம் வேண்டாம். அறைதான் வெதுவெதுப்பாக வேண்டும். மூடுபனிக் காலத்தில் ஹெட்ஷெல்லின் நான்கு முனைகளிலும் பச்சை படியும். ஒரு பக்க ஒலி வந்து வந்து போகும். ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும். மேலே கொண்டுபோகும் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஊசி உறையைப் போட்டு, எதிர்எடையைக் கழற்றித் தனியே வைத்து, கையை அதன் தாங்கியில் கட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த பழைய ஊசி எந்த ஊரிலும், எந்த நேரத்திலும் குதித்தால் ரப்பர் இறுகிப்போயிருக்கிறது. தளர்ந்துபோன ரப்பர் என்றால் கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசும். இரண்டுக்கும் புது ஊசி தவிர வழியில்லை.

எதிர்எடை கடைசி வரை போயும் கை சமநிலைக்கு வரவில்லை

கார்ட்ரிட்ஜும் ஹெட்ஷெல்லும் சேர்ந்த எடை அந்தக் கையின் வரம்புக்கு வெளியே இருக்கிறது. எடை கூடினால் கூடுதல் எதிர்எடை, குறைந்தால் கனமான ஹெட்ஷெல். தேர்ந்தெடுக்க இடம் இருந்தால், கனத்த எதிர்எடை அச்சை ஒட்டி நிற்கும் ஏற்பாட்டை எடுங்கள். செயல் எடை குறையும்.

ஊசி தாவுகிறது, வழுக்குகிறது

ஒரே இடத்தில் தாவினால் தட்டில் அழுக்கோ கீறலோ இருக்கிறது. சேலத்தில் சுண்ணாம்பு போன்ற வெண்தூசி எல்லா இடத்திலும் படியும். மாக்னசைட் சுரங்கங்களுக்குப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் பிரஷ் போடுங்கள். வெவ்வேறு இடத்தில் தாவினால் அழுத்தத்தை அளந்து பாருங்கள். தட்டு தேயும் என்று பயந்து அழுத்தத்தைக் குறைப்பவர்கள் அதிகம். குறைந்த அழுத்தத்தில் ஊசி பள்ளத்துக்குள் முட்டி மோதிச் சுவரைக் கொத்துகிறது. சொன்ன எல்லைக்குள் சற்றுக் கூடுதலாக வைப்பதைவிட அதுதான் தட்டுக்குக் கேடு.

கையை மையத்தை நோக்கி இழுக்கும் விசையை ஈடுசெய்யும் வழுக்கல் எதிர்ப்பை (ஆன்டி-ஸ்கேட்டிங்) அமைக்கப் பள்ளமில்லாத வெற்றுத் தட்டில் கை நிற்கும் இடத்தைப் பார்ப்பார்கள். பள்ளத்துக்குள் உராய்வு வேறு. அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். முன்னால் குனிந்து, கைவிளக்கை அடித்து, ஊசி இறங்கும் கணத்தில் ஊசித்தண்டைப் பாருங்கள். இடம் வலமாகச் சாயாமல் நடுவிலேயே நின்றால் சரி. வலது ஒலிவழி மட்டும் முதலில் கரகரத்தால் எதிர்ப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள். இடது என்றால் குறையுங்கள்.

பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் சிதறுகிறது, 'ச'வும் 'ஸ'வும் சீறுகின்றன

எல்பியின் வெளிவட்டத்தில் பள்ளம் ஊசியை நொடிக்கு சுமார் 51 செ.மீ. வேகத்தில் கடக்கிறது, உள்வட்டத்தில் 21 செ.மீ. மட்டுமே. அதே சீழ்க்கை ஒலி பாதிக்கும் குறைந்த நீளத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. கோணம் சிறிது தவறினாலும் அங்கேதான் முதலில் கேட்கும். உருண்டை முனை ஊசிக்கு அந்த நெருக்கத்தில் எப்போதும் சிரமம். நீள்வட்ட முனை சமாளிக்கும்.

கை ஒரு முனையில் சுழல்வதால் ஊசி இரண்டே இரண்டு இடங்களில்தான் பள்ளத்துக்கு நேராக நிற்க முடியும். அந்த இடங்கள் எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கை 1924இல் பெர்சி வில்சன் எழுதத் தொடங்கினார். 1938இல் லோஃப்கிரென், 1941இல் பேர்வால்ட், 1966இல் ஸ்டீவன்சன் அதை வளர்த்தார்கள். பேர்வால்ட் கணக்கில் மையத்திலிருந்து 66.0, 120.9 மி.மீ.; ஸ்டீவன்சன் கணக்கில் 60.3, 117.4 மி.மீ. நம்மூரில் நிறையப் புழங்கிய 45 சுற்று சினிமாப் பாட்டு இபிகள் மையத்தை ஒட்டி ஓடுபவை. இபியே அதிகம் கேட்கிறவர்களுக்கும், கச்சேரியின் உச்சம் பக்கக் கடைசியில் வரும் எல்பிகளை வைத்திருப்பவர்களுக்கும் நான் ஸ்டீவன்சனைச் சொல்வேன். மற்றவர்களுக்குப் பேர்வால்ட்.

இந்த இடங்களைக் கோடு போட்டுக் காட்டும் அளவுத்தாளை அச்சிட்டதும் அளவுகோலை வைத்து உறுதிசெய்யுங்கள். பிரிண்டர் இரண்டு விழுக்காடு சுருக்கினாலும் உழைப்பு வீண். கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டியது ஊசித்தண்டு. கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்த்து நிறுத்தினால் ஏமாறுவீர்கள். ஹெட்ஷெல்லின் துளை நீளம் முடிந்தும் ஊசி இடத்துக்கு வரவில்லை என்றால் அதுவும் பொருத்தக் கோளாறுதான். இப்போதைய கார்ட்ரிட்ஜ்களில் திருகு துளைக்கும் ஊசிக்கும் இடையே பெரும்பாலும் 9.5 மி.மீ. இருக்கும், பழைய சிலவற்றில் வேறுபடும். நீளமான துளை உள்ள ஹெட்ஷெல் வாங்குவது கையைத் துளைபோட்டு நகர்த்துவதைவிட எவ்வளவோ மேல்.

ஒரு பக்கம் ஒலி இல்லை

ஹெட்ஷெல்லின் நான்கு கம்பிகளில் சிவப்பு வலது, பச்சை வலதின் தரை. வெள்ளை இடது, நீலம் இடதின் தரை. வெள்ளையையும் சிவப்பையும், நீலத்தையும் பச்சையையும் இடம் மாற்றிப் போடுங்கள். மௌனம் அடுத்த பக்கம் தாவினால் கார்ட்ரிட்ஜில் குறை; தாவாவிட்டால் கையின் கம்பியிலோ அதற்குப் பின்னாலோ. கார்ட்ரிட்ஜ் முனையில் நேராகப் பற்றவைக்க வேண்டாம்; உள்ளே இருக்கும் முடிக்கம்பி அந்தச் சூட்டில் அறுந்துவிடும்.

உறுமல்

கையை விரலால் தொட்டதும் உறுமல் அடங்கினால் எர்த் கம்பி இணைப்பு இல்லை. பழைய வீட்டு இரண்டு ஓட்டைப் பிளக்குகளில் எர்த்தே இருக்காது. டர்ன்டேபிளின் எர்த் கம்பியை ஆம்ப்ளிஃபையரின் திருகில் கட்டுங்கள். கை மையத்தை நோக்கிப் போகப் போக உறுமல் வளர்ந்தால், கீழே இருக்கும் மோட்டார் அல்லது பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை கார்ட்ரிட்ஜ் வாங்குகிறது. ஆம்ப்ளிஃபையரைத் தள்ளி வையுங்கள். அடங்காவிட்டால் காந்தக் கவசம் உள்ள கார்ட்ரிட்ஜ்தான் அந்த டர்ன்டேபிளுக்குப் பொருந்தும்.

எல்லாம் சரி, ஆனால் ஒலி கூராக அல்லது மந்தமாக இருக்கிறது

கையின் உயரத்தை மாற்றிப் பார்க்கத்தான் எல்லாரும் ஓடுகிறார்கள். 230 மி.மீ. கையில் ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் கோணம் கால் டிகிரிதான் மாறும். கை தட்டுக்கு இணையாக இருந்தால் அத்தோடு விடுங்கள். மூவிங் மேக்னட் (காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் குற்றவாளி கேபிள். விஎம்95இ கேட்பது 100 முதல் 200 பிகோஃபாரட். 2எம் ரெட் 150 முதல் 300. கையின் கம்பி, கேபிள், ஆம்ப்ளிஃபையரில் டர்ன்டேபிளுக்கென்று இருக்கும் போனோ உள்ளீடு மூன்றின் மின் கொள்ளளவும் ஒன்றாகக் கூடும். விஎம்95இயின் சுருள் மின்தூண்டல் 550 மில்லிஹென்றி. 150 பிகோஃபாரட்டில் அதன் மின் ஒத்ததிர்வு 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், பெரும்பாலோர் காதுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். 400 ஆனால் 11 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி, ஜால்ரா கூச்சமாகும், அதற்கு மேலே எல்லாம் மங்கும். நீளமான கேபிளை மாற்றிக் குட்டையானதைப் போடுங்கள். செலவு குறைவு, பலன் உடனே தெரியும்.

ஒலி மிகச் சன்னம், அல்லது தகரம்போல் இருக்கிறது

டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட், 2எம் ரெட் 5.5. பதினெட்டு மடங்கு வித்தியாசம். மூவிங் மேக்னட் உள்ளீட்டில் சுமார் 40 டெசிபல் பெருக்கம்தான் இருக்கும். மூவிங் காயிலுக்கு 60 வேண்டும். ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது அதற்கென்ற போனோ பெட்டி வாங்காமல் ஒலியை மட்டும் திருகினால் இரைச்சல்தான் வளரும். பேஸே இல்லாமல் தகரமாக ஒலித்தால் ஆக்ஸ் உள்ளீட்டில் செருகியிருக்கிறீர்கள். தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து உச்ச ஒலியைக் கூட்டும் முறைக்கு ஆர்ஐஏஏ என்று பெயர், 1954இல் வந்தது; ஆக்ஸில் அதை யாரும் திருப்பிப் போடவில்லை.

தாத்தா காலத்துப் பெட்டி ப்ளேயரில் புதிய காந்தக் கார்ட்ரிட்ஜ் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் இதையும் படியுங்கள். அந்தப் பெட்டிகளில் இருப்பது செராமிக் வகை. சில நூறு மில்லிவோல்ட் தரும், அதனால் உள்ளே போனோ பெருக்கி கிடையாது. கையின் அச்சு உராய்வும் 4, 5 கிராம் அழுத்தத்துக்கு ஏற்றது; 2 கிராம் ஊசியை அது பள்ளத்தில் வைத்திருக்காது. அந்தப் பெட்டிக்குப் புதிய செராமிக் ஊசியையே போட்டு, நல்ல தட்டுகளை வேறு டர்ன்டேபிளுக்கு ஒதுக்குங்கள்.

கடைசியாக 78 சுற்றுத் தட்டுகள். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் ஊர் சேலம். ஏற்காடு சாலையில் அதன் வளைவு இன்னும் நிற்கிறது. அந்தக் காலத்துப் பாட்டுகள் வந்தது இந்தத் தட்டுகளில்தான். எல்பி ஊசியின் முனை சுமார் 0.018 மி.மீ.; 78இன் பள்ளத்துக்கு 0.065 முதல் 0.075 மி.மீ. வேண்டும். எல்பி ஊசி அடியில் உருண்டு மண்ணைக் கிளறி இரைச்சலைத்தான் எடுக்கும். 'தட்டு தேய்ந்துவிட்டது' என்று தூக்கிப் போடப்பட்டவற்றில் பல தேயாதவை. விஎம்95 உடலில் எல்பி ஊசியைக் கழற்றி 78 ஊசியைச் செருகலாம். உடலை மறுபடி பொருத்திக் கோணம் பார்க்கும் வேலை இல்லை. அழுத்தத்தை மட்டும் அந்த ஊசியின் தாளைப் பார்த்து வையுங்கள், அது எல்பிக்கு வைப்பதைவிட அதிகம். தட்டு முடிந்து எல்பி ஊசியைத் திரும்பச் செருகுவதற்கு முன்பே எதிர்எடையைப் பழைய எண்ணுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.